சியாங் மாயில் ஒரு முவாய் தாய் கூடம்: மாலையில் போங்கள், காலை வேண்டாம்

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், குத்து, உதை, முழங்கை, முழங்கால் எல்லாம் உள்ள தாய்லாந்துச் சண்டைக் கலையான முவாய் தாய் பழகிய ஒரு கூடத்தைப் பற்றியது இது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாலை நாலு மணி வகுப்புக்குப் போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். காலை வகுப்புக்குப் போனால் நன்றாக வியர்க்கும், அவ்வளவுதான். கூடமும் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். ஆனால் காலையில் ஒரு முதலாளியும் மாலையில் வேறொரு முதலாளியும் நடத்தும் கடை மாதிரி இருக்கிறது.

கூடத்தின் பெயரை எழுதவில்லை. பாராட்டோடு குறையும் வரப்போகிறது. தவிர, சியாங் மாயில் இந்த அளவுக் கூடங்கள் நிறைய உண்டு, பெரும்பாலும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நீங்கள் வேறொன்றில் போய் நின்றாலும் இது உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி: பெண், நாற்பதை நெருங்குகிறேன், மேசை வேலை, சில வருடங்களாக வேலை முடிந்து கிக்பாக்ஸிங் பழகுகிறேன், இடது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. போட்டிக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு ரவுண்ட் பேட் (பயிற்றுநர் கையில் பிடிக்கும் மெத்தைப் பலகை) அடித்தால் எதிரே பிடிப்பவர் கவனித்துப் பிடிக்கிறாரா, நேரத்தைத் தள்ளுகிறாரா என்று தெரியும் அளவுக்குப் பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் புதுக் கூடத்துக்குப் போனால் நான் பார்ப்பதும் அதை மட்டும்தான். ரிங் எத்தனை, ஏசி உண்டா, சுவரில் எத்தனை சாம்பியன் பெல்ட் தொங்குகிறது என்பதெல்லாம் அப்புறம். கொஞ்ச நாள் தங்கப் போகிறவருக்கு யாரும் புதுக் கலையைக் கற்றுத்தந்துவிட முடியாது. இரண்டு மூன்று திருத்தங்கள் கிடைத்தால் பெரிது. அந்தத் திருத்தம் பேட் பிடிப்பவரிடமிருந்துதான் வரும்.

இடம், பழைய நகரின் அகழிக்குத் தெற்கே ஒரு சந்துக்குள். தா பே வாசல் பக்கமிருந்து சிவப்பு சோங்தேவ் என்ற பகிர்வு வண்டியில் ஏறி, டிரைவரிடம் அலைபேசியில் வரைபடத்தைக் காட்டினால் சந்து முனையில் இறக்கிவிடுவார். தகரக் கூரை, மூன்று பக்கம் திறப்பு. இரண்டு ரிங், ஒரு வரிசை பேக் (தொங்கும் குத்துப் பைகள்), கீழே ரப்பர் விரிப்பு, ஓரத்தில் லாரி டயர்கள். அந்த டயர்கள் அலங்காரத்துக்கு இல்லை. அதன் விளிம்பில் ஏறி நின்று மாறி மாறிக் குதிப்பதுதான் இங்கே கால் சூடேற்றும் வழி. கயிறு தாண்டுவதைவிடச் சுலபம் என்று நினைத்து ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரமே வேறு செய்தி சொல்லும்.

சுவரில் பழைய போஸ்டர்கள். அதில் ஒன்று சமார்ட் பயகாருன். பாங்காக்கின் லும்பினி அரங்கில் நான்கு எடைப் பிரிவுகளில் முவாய் தாய் பட்டம் வென்றுவிட்டு, பிறகு குத்துச்சண்டைக்குப் போய் 1986இல் அங்கேயும் டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) உலகப் பட்டத்தைத் தூக்கியவர். போஸ்டரின் ஒரு மூலை கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே கூடத்தின் சொந்தச் சண்டைக்காரர்களின் படங்கள், எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர். தாய்லாந்தில் சண்டைக்காரர்கள் ரிங்குக்குத் தாங்கள் பழகும் கூடத்தின் பெயரையே பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். எனவே அண்ணன் தம்பிகளா என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

கட்டணம்: ஒரு வகுப்புக்கு 400 பாட் (தாய்லாந்துப் பணம்). பத்து வகுப்பு கார்டு 3,000. ஒரு மணி நேரத் தனி வகுப்பு 800. கூடத்து கிளவுஸ் இலவசம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு முகத்தருகே கையைத் தூக்கினால் முந்தைய பத்துப் பேரின் வியர்வையும் சேர்ந்து வரும். கிளவுஸ் கொண்டுபோவது பெட்டியில் இடம் அடைக்கும் என்றால், குறைந்தபட்சம் கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப் பட்டையான ஹேண்ட் ராப்பாவது சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே ஃபேர்டெக்ஸ், ட்வின்ஸ் கிளவுஸ் வாங்கிவிடலாம், இரண்டுமே அந்த நாட்டுத் தயாரிப்புதான்.

காலை வகுப்பு ஏழரைக்கு. கூடத்துச் சண்டைக்காரர்கள் அதற்கு முன்பே எழுந்து ஓட்டத்தை முடித்திருப்பார்கள். நாம் போகும்போது அவர்கள் பயிற்சியும் ஓயும் நேரம். வருகிறவர்கள் எல்லாம் நம்மைப் போன்ற பயணிகள், கூட்டமாக. கயிறு, நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது), அப்புறம் பேக் முன்னால் வரிசை. பேட் பிடிக்க இளம் பயிற்றுநர்கள் நான்கைந்து பேர், ஆளுக்கு இரண்டு ரவுண்ட். எனக்கு வாய்த்த பையனுக்கு இருபது வயது இருக்கும். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது என் தோளுக்கு மேலாகப் பக்கத்து ரிங்கில் இருக்கும் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தான். எதை அடித்தாலும் ‘குட், குட்’. வேண்டுமென்றே ஒரு உதையை அரைகுறையாக விட்டுப் பார்த்தேன். அதற்கும் ‘குட்’. அவனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. விடிவதற்கு முன் ஓடி, தன் பயிற்சியையும் முடித்துவிட்டு, முன்பின் தெரியாத முப்பது பேரின் உதையை வயிற்றில் வாங்குகிறான். அத்தனை பேரை ஒரே வகுப்பில் சேர்த்ததுதான் தப்பு, அது வரவேற்பு மேசையில் இருப்பவர் எடுத்த முடிவு.

மாலைக்கு வருவோம். நாலு மணிக்குச் சண்டைக்காரர்களும் அதே நேரத்தில் பயில்வதால் பயணிகள் சிலர் தயங்கி வருவதில்லை. அந்தத் தயக்கம் நமக்கு லாபம். ஆள் குறைவு. பெரிய க்ரூ, அதாவது தலைமை ஆசான், வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர், அந்தக் காலத்தில் முழங்காலால் தாக்குவதையே பலமாக வைத்திருந்த சண்டைக்காரராம். காதுமடல் தடித்திருக்கும், கழுத்து தோளை விட்டுத் தனியாகவே தெரியாது. வயிற்றுப் பேடை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கை பேட்களை ஒன்றோடொன்று இரண்டு தட்டு தட்டினால் ரிங்குக்குள் வா என்று பொருள். ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொல் இருக்கும். அதுவே போதுமானதாக இருந்தது.

என் வலது உதை பாதத்தின் மேல்பகுதியில் பட்டுக்கொண்டிருந்தது. பல வருடப் பழக்கம், கிக்பாக்ஸிங் வகுப்பில் யாரும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை. அவர் முதலில் தன் கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பின் நடுவே பேடால் தட்டிக் காட்டினார். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி பாதத்தாலேயே உதைத்தேன். அடுத்த உதைக்கு அவர் பேடை அப்படியே பின்னால் இழுத்துவிட்டார். உதை காற்றில் போய் நான் ஒரு சுற்று சுற்றி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். முதுகில் பேடால் லேசாக ஒரு தட்டு. ஒன்றும் சொல்லாமல் மறுபடி பேடைத் தூக்கினார். இந்த முறை ஓர் அடி நெருங்கி நின்றுகொண்டார். அந்தத் தூரத்தில் பாதத்தால் உதைக்கவே முடியாது, கணைக்கால் எலும்புதான் போய் விழும். சத்தமே வேறு மாதிரி வந்தது. ‘ஓய்!’ என்று கத்தினார், பக்கத்து ரிங்கில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். திருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். தூரத்தை அவர் மாற்றினார், என் கால் தானாக மாறியது.

அதோடு விடவில்லை. உதைக்கும்போது என் இடது கை கன்னத்தை விட்டு இறங்குகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தக் கன்னத்தில் பேடின் ஓரத்தால் ஒத்தடம் மாதிரி ஒரு தட்டு. வலிக்காது, ஆனால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் கையை மேலே நிறுத்தியது. மூன்று நிமிட ரவுண்ட் முடிந்து மணி அடித்தாலும், ‘லாஸ்ட், லாஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டே பத்து முழங்கால் வாங்காமல் விடமாட்டார். நுங், சோங், சாம் என்று அவர் எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பத்து வரை தாய் எண்கள் வந்துவிட்டன.

என் குத்துகளைப் பற்றி மட்டும் அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது, நான் குத்தைத்தான் நம்பி வாழ்கிறவள். ஆனால் அவர்கள் விளையாட்டின் மதிப்பெண் அப்படி. குத்தைவிட உதைக்கும் முழங்காலுக்கும் மதிப்பு அதிகம், அடித்த பிறகு நிலை தடுமாறாமல் நிற்பதற்கும் மதிப்பு உண்டு. ஐந்து ரவுண்ட் ஆட்டத்தில் முதல் ரவுண்டை ஆற அமரப் பார்த்துவிட்டு மூன்றாவது, நாலாவதில்தான் முழு வேகத்தைக் காட்டுவார்கள். குத்து மட்டுமே போதும் என்பவர்கள் குத்துச்சண்டைக் கூடம் தேடிப் போவது நல்லது.

ஸ்பாரிங், அதாவது ஆளோடு ஆள் மோதிப் பழகும் பயிற்சி பற்றிப் பயந்துகொண்டு போகிறவர்கள் கவனிக்க. தாய் சண்டைக்காரர்கள் பயிற்சியில் மெதுவாகத்தான் ஆடுவார்கள். அடிக்கடி உண்மையான சண்டை இருப்பவருக்குப் பயிற்சியில் காயம் பட்டால் வருமானம் போச்சு. எனவே தொட்டு ஆடுவது, சிரிப்பது, ஏமாற்றிக் காலைத் தட்டிவிடுவது என்று விளையாட்டாகவே போகும். முரட்டுத்தனம் எல்லாம் பயணிகளிடமிருந்துதான் வரும். தோள் அகலமான ஒரு ஐரோப்பியப் பையன் தன் ஊர் நினைப்பில் முழு வேகத்தில் வீசிக்கொண்டிருந்தான். எதிரே பதினாறு வயது இருக்கும் ஒரு சிறுவன், எடையில் இவனில் பாதி. கொஞ்ச நேரம் பொறுத்தான். அப்புறம் வயிற்றுக்கு ஒரு தீப், அதாவது பாதத்தால் தள்ளும் உதை. பெரியவன் கயிற்றில் போய் உட்கார்ந்தான். சிறுவன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அதே உதையைக் கொடுத்தான். ரவுண்ட் முடியும் வரை வேறெதுவும் தேவைப்படவில்லை.

கிளிஞ்ச் பயிற்சிதான் இந்தக் கூடத்தின் பலம், கிக்பாக்ஸிங்கிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதும் அதுதான். ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு, உள்பக்கக் கையைப் பிடிக்கச் சண்டை போட்டு, முழங்காலைச் செருகி, சமயம் பார்த்து ஆளைத் தூக்கிக் கீழே போடுவது. வேகமில்லை, சத்தமில்லை, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேர் சோர்ந்து போய்ச் சாய்ந்துகொண்டிருப்பது போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டும். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்போது கழுத்து அதை ஞாபகப்படுத்தும்.

ஆனால் பெண்களுக்கு இங்கே ஒரு சிக்கல். கிளிஞ்ச் நேரம் வந்ததும் எங்களைத் தானாகவே பேக் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, நெருக்கமாகப் பிடிக்க வேண்டிய பயிற்சி என்பதால் அவர்களுக்குச் சங்கடம். கேட்டால்தான் கிடைக்கும். நான் க்ரூவிடம் போய்க் கேட்டேன். அவர் கூடத்துப் பெண் சண்டைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு என்னோடு விட்டார். என்னைவிட ஒரு சாண் குள்ளம், இருபது வயதுக்குள். என் தலையைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பேச்சு ஒன்றுமில்லாமல், நான் எங்கே கையை வைத்தாலும் அந்தக் கையை எடுத்து வேறிடத்தில் வைத்துத் திருத்திக்கொண்டே இருந்தாள். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அரைமணி நேரம் அதுதான். அதற்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. வாய்விட்டுக் கேளுங்கள்.

ரிங் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ரிங்கின் மூலையில் மாலைகளும் தாயத்தும் கட்டியிருக்கிறது. பெண்கள் அதற்குள் கயிற்றுக்கு மேலே ஏறிப் போகக் கூடாது, கடைசிக் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். சண்டைக்காரர்கள் தலையில் அணியும் மோங்கோனைத் தொடக் கூடாது. பழைய நம்பிக்கை. பாங்காக்கின் லும்பினி அரங்கு 1956இல் திறந்தது, பெண்கள் அங்கே சண்டையிட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்தில் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள், நானும் குனிந்துதான் போனேன். அவர்கள் வீடு, அவர்கள் வழக்கம். ஆனால் பிடித்ததா என்றால், இல்லை. இரண்டாவது ரிங்கில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதில் பயிற்சி கேட்டு வாங்கினால் இந்த நெருடலே இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். மற்றபடி செருப்பை வெளியே விடுவது, யாருடைய கிளவுஸையும் தாண்டி மிதிக்காமல் சுற்றிப் போவது, வகுப்பு முடிந்ததும் க்ரூவுக்குக் கைகூப்புவது, இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

சுத்தம்: விரிப்பை இரண்டு வேளையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்கள், பார்த்தேன். குடிநீர் தாராளம். கழிவறை சுமார். உடம்பில் சிராய்ப்பு இருந்தால் மூடிக்கொண்டு போங்கள். வெயிலும் வியர்வையும் பகிர்ந்த கிளவுஸும் சேர்ந்தால் தோல் தொற்று வர வேறெதுவும் வேண்டாம். உதைக்கும்போது பாதத்தின் முன்பகுதியில் ஊன்றித் திரும்புவதால், பெருவிரலுக்கு அடியில் தோல் கொப்பளித்து உரிந்துவிடும். ரப்பர் விரிப்புக்குப் பழகாத பாதத்துக்கு இது கட்டாயம் நடக்கும். விளையாட்டு டேப் ஒரு சுருள் வாங்கி முதல் நாளே சுற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் பூசிக்கொள்ளும் நம்மன் முவாய் தைலத்தின் நெடி கூடத்துக்கு வெளியே சந்து வரைக்கும் வரும். கணைக்காலுக்கு அது சுகம்தான், உரிந்த இடத்தில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

இப்போது என் மனத்தாங்கல். நான் போனது மார்ச் மாதம். வடக்குத் தாய்லாந்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை பள்ளத்தாக்கில் தங்கிவிடும். ஊருக்கு மேற்கே கண்முன்னால் இருக்க வேண்டிய தோய் சுதேப் மலையே தெரியாமல் போகிற நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் மாலை வகுப்பை ரத்து செய்தார்கள். அது சரியான முடிவு. திறந்த கூடத்தில் அந்தக் காற்றை மூச்சு வாங்க இழுப்பது முட்டாள்தனம். ஆனால் பத்து வகுப்பு கார்டுக்கு இரண்டு வாரம்தான் ஆயுள். ரத்தான வகுப்புகளுக்கு நாள் நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு மேசையில் இருந்தவர் கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ‘நீட்டிப்பு இல்லை’ என்று அச்சடித்திருந்தது. காலை வகுப்புக்கு வாருங்கள் என்றார். காலையில் மட்டும் காற்று வேறா? கேட்டேன், சிரித்தார். மீதி வகுப்புகள் அப்படியே போயின. 1,000 பாட் சேமிக்கலாம் என்று யாரும் கார்டு வாங்க வேண்டாம், புகைக் காலத்தில் நிச்சயம் வேண்டாம்.

இன்னொன்று கொஞ்சம் கனமான விஷயம். ஓரளவு நன்றாக ஆடும் பயணிகளிடம், அடுத்த வாரம் சண்டை போடுகிறாயா என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். ஊரில் வாரம் முழுக்க எங்கேயாவது ஒரு அரங்கில் சண்டை நடக்கிறது, ஆள் தேவைப்படுகிறது. அந்த ஐரோப்பியப் பையனிடமும் கேட்டார்கள். அவன் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நீங்கள் வருடக் கணக்கில் இதற்காகவே தயாரானவர் என்றால் உங்கள் இஷ்டம். இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பயணக் காப்பீட்டுப் பத்திரத்தையும் கிளம்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள். பல திட்டங்களில் சண்டை விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கும், சிலவற்றில் பயிற்சியைக்கூடச் சேர்த்துத்தான் விலக்கியிருப்பார்கள்.

மறுபடி போவேனா? போவேன், நவம்பர் டிசம்பரில், மாலைக்கு மட்டும், அன்றன்றைக்குக் காசு கொடுத்து. தனி வகுப்பு எடுப்பதென்றால் ஒரு யோசனை. மேசையில் போய்க் கேட்டால் அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறாரோ அவரை அனுப்புவார்கள், அதே 800 பாட்டுக்கு ‘குட், குட்’ கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். மூன்றரை மணிக்கே போய்விடுங்கள். பெரிய க்ரூ இரண்டாவது ரிங்கின் ஓரத்தில் உட்கார்ந்து பேட் வார்களைச் சரிசெய்துகொண்டிருப்பார். அவரிடமே நேரம் கேட்டுவிட்டு, அப்புறம் மேசையில் பணம் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.